செவ்வாய்க்கிழமை போட்ட படம்

நான் பொய்க்கால் செய்கிறவள். இதைச் சொன்னதும் ஆட்கள் முதலில் என் கால்களைத்தான் பார்ப்பார்கள். எனக்கு இரண்டும் இருக்கின்றன. எங்கள் பக்கத்தில் கனபேருக்கு இல்லை, அதனால் எனக்கு வேலை இருக்கிறது. இப்படிச் சொன்னால் என் கணவருக்குப் பிடிக்காது. ஆனால் உண்மை அதுதான்.

பட்டறை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. இரண்டு அறை, பிளாஸ்ரிக் தகட்டை இளக்குகிற ஒரு சூட்டடுப்பு, நடந்து பழகுகிறவர்கள் பிடித்துக்கொள்ள இரண்டு நீளக் கம்பிகள், ஒரு நிலைக்கண்ணாடி. எனக்கு மேலே ஓர் அண்ணை இருந்தார். என்ன சந்தேகம் என்றாலும் வந்து, காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இதில ரெண்டு நூல் அளவு சீவுங்கோ" என்பார். சீவினால் சரியாகிவிடும். அவர் இடமாற்றம் வாங்கிக்கொண்டு யாழ்ப்பாணம் போன அன்று கேக் வெட்டிப் படம் எடுத்தோம். அடுத்த நாள் காலையில் பட்டறைக் கதவைத் தனியாகத் திறந்தேன்.

நான் இயல்பிலேயே பயந்தவள். வீதியில் மாடு குறுக்கே வந்தால் பயம். தெரியாத நம்பரில் இருந்து அழைப்பு வந்தால் பயம். நல்ல செய்தி வந்தால், இதற்குப் பின்னால் என்ன வரப்போகிறதோ என்று அதற்கும் பயம். ஆனால் இந்த வேலையின் பயம் வேறு. பிழையாகச் செய்த கால் அன்றைக்கே தெரியாது. போட்டுக்கொண்டு சிரித்தபடி போவார்கள், மூன்று கிழமை கழித்துப் புண்ணோடு வருவார்கள். புண் பழுதாகினால் ஆஸ்பத்திரியில் இன்னும் கொஞ்சம் மேலே வெட்டுவார்கள். என் பிழைக்கு இன்னொருவர் தன் காலில் இன்னும் கொஞ்சத்தைக் கொடுக்க வேண்டியிருக்கும்.

அண்ணைக்குப் போன் எடுத்துக் கேட்டேன். முதல் இரண்டு முறையும் ஆறுதலாகச் சொன்னார். மூன்றாம் முறை, "பிள்ளை, இஞ்ச வாசலில சனம் நிக்குது, நீங்களே பாத்துச் செய்யுங்கோவன்" என்றார். அவரில் பிழை இல்லை. அவரும் ஒரு மனிதன், அவருக்கும் இரண்டு கைதான். ஆனால் போனை வைத்தபிறகு நான் சூட்டடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன்.

அதற்குப் பிறகுதான் போனுக்குள் ஆட்களைத் தேடத் தொடங்கினேன். உலகம் முழுக்கக் கால் செய்கிறவர்கள் சேர்ந்து கதைக்கிற ஒரு குழு இணையத்தில் இருக்கிறது என்று பயிற்சிக்காலத்தில் யாரோ சொல்லியிருந்தார்கள். தேடிச் சேர்ந்தேன். என் படத்துக்குப் பதிலாக வீட்டு வாசலில் நின்ற செவ்வரத்தம்பூவைப் போட்டேன். மூன்று மாதம் வாய் திறக்கவில்லை. அங்கே எல்லாரும் ஆங்கிலத்தில் வெளுத்து வாங்கினார்கள். நான் படங்களைப் பார்த்தேன், கீழே இருந்ததை அகராதியை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டினேன். மதியச் சோற்றுப் பார்சல் பக்கத்தில் ஆறிக் காய்ந்துபோகும்.

முதல் கேள்வியை எழுதி முடிக்க நான்கு நாள் எடுத்தது. எழுதுவேன், அழிப்பேன். கடைசியில் அனுப்பிவிட்டு, போனை மேசை லாச்சிக்குள் வைத்து இழுத்து மூடினேன், ஏதோ அது பாய்ந்து கடிக்கப்போகிறது என்பதுபோல. பின்னேரம் எடுத்துப் பார்த்தால் ஒரேயொரு பதில். தமிழ்நாட்டில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இதே வேலை செய்கிற, என் வயதுப் பெண் ஒருத்தி. "தமிழ்லயே கேளுங்க. உங்க இங்கிலீஷப் பாத்தாலே தமிழ்னு தெரியுது" என்று எழுதியிருந்தாள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போலவும் இருந்தது.

அவளும் நானுமாக வட்ஸ்அப்பில் தமிழில் ஒரு குழுவைத் தொடங்கினோம். ஒருவர் இன்னொருவரைக் கூட்டிவந்து, பதினொரு பேர் ஆனோம். தமிழ்நாட்டு ஆட்கள், மட்டக்களப்பில் வேலை செய்கிற இரண்டு பேர், வெளிநாடுகளில் இருக்கிற எங்கள் ஆட்கள் சிலர். யாழ்ப்பாணம் போன அண்ணையும் ஒருநாள் சத்தமில்லாமல் வந்து சேர்ந்துகொண்டார். சனிக்கிழமைப் பின்னேரம் ஒரு மணித்தியாலம் முகம் காட்டாமல் குரலில் மட்டும் கதைப்போம். பட்டறையில் தண்ணீர்த் தாங்கிக்குக் கீழே மட்டும்தான் சிக்னல் ஒழுங்காக வரும், அதனால் அங்கே கதிரையைப் போட்டு, உச்சந்தலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட நான் படித்தேன். எங்கள் வெயிலில் பிளாஸ்ரிக் தகட்டை எப்படி அவசரப்படாமல் ஆறவிடுவது, முழங்காலுக்குப் பின்னால் இருக்கிற விளிம்பை எவ்வளவு தாழ்த்துவது, புண் வந்த ஆளிடம் வாய் பேசுகிறதை விட்டுவிட்டு அவருடைய தேய்ந்த செருப்பில் இருந்து எதைக் கண்டுபிடிப்பது, எல்லாம் அந்தத் தாங்கிக்குக் கீழே படித்தவைதான்.

செவ்வாய்க்கிழமைகளில் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். அன்றைக்கு ஒருவர், தான் செய்து சரிவராமல் போன வேலையின் படத்தையும் அளவுகளையும் போட வேண்டும். நன்றாக வந்ததைப் போட்டால் எல்லாரும் கைதட்டிவிட்டுப் போய்விடுவார்கள். சரிவராததைப் போட்டால் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கிழிப்பார்கள், கிழித்த பிறகு எப்படித் தைப்பது என்றும் சொல்வார்கள்.

குழுவுக்குச் சட்டம் வகுத்தது நான்தான். முகம் போடக்கூடாது, பெயர் போடக்கூடாது, ஊர் போடக்கூடாது. நோயாளியுடையதும் கூடாது, எங்களுடையதும் கூடாது. என்ன வேலை, எத்தனை வருடம், அது போதும். தமிழ்நாட்டுக்காரி சிரித்தாள். "என்னப்பா, ரகசிய சங்கமா நடத்துறோம்?" என்றாள். அவளுக்கு விளங்கவைக்க முடியவில்லை. போர் முடிந்தபிறகு இராணுவம் எங்கள் வீடுகளை எத்தனை முறை எண்ணியது, யார் இருக்கிறார், யார் வந்தார், யார் போனார் என்று எத்தனை பதிவு. எங்கள் பக்கத்துச் சனம் போனில் யாராவது பெயர் கேட்டால், நீங்கள் ஆர் என்று திருப்பிக் கேட்கும். நானே பேருந்தில் பக்கத்தில் இருக்கிற புது ஆள் எங்கே இறங்கப்போகிறீர்கள் என்று கேட்டால், நான் இறங்குகிற உடையார்கட்டுக்கு முந்தின தரிப்பிடத்தைத்தான் சொல்வேன். பிறகு அவர் பார்த்துக்கொண்டிருக்க அடுத்ததில் இறங்குவேன்.

இப்படிப்பட்டவள்தான் அந்தப் படத்தைப் போட்டேன்.

படத்தில் இருந்த காலைப் போட்டவர் முல்லைத்தீவுக் கரைப்பக்கத்து ஆள். கடலை ஒட்டிய களப்புத் தண்ணீரில் இறால் பிடிக்கிறவர், ஐம்பதைத் தாண்டிய வயது, கழுத்தில் கறுப்பு நூலில் கட்டிய சிலுவை. வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. பல வருடமாக ஓர் அலுமினியக் காலைப் போட்டுக்கொண்டு திரிந்தார். தகட்டை அடித்து வளைத்து, ரிவெற் ஆணி அடித்துச் செய்த பழைய மாதிரிக் கால். உள்ளே சீலைத்துண்டும் சைக்கிள் ரியூப்பும் அடைத்து, வெளியே வலை நூலால் சுற்றிக் கட்டியிருந்தார். மிஞ்சியிருந்த காலின் நுனியில் ஆறாத புண். நான் புதுக் கால் செய்து கொடுத்தேன். இரண்டு முறை திருத்தியும் கொடுத்தேன். இரண்டு முறையும் பழையதைப் போட்டுக்கொண்டுதான் திரும்பி வந்தார்.

"கோவிக்காதேங்கோ தங்கச்சி, களப்புச் சேத்துக்குள்ள உது நிக்க விடுதில்லை" என்றார்.

பழைய காலில் ஏதோ சூட்சுமம் இருக்கிறது, அதைக் கண்டுபிடித்துப் புதியதில் வைத்தால் சரி என்று நினைத்தேன். இரண்டு கிழமைக்கு அதை விட்டுவிட்டுப் போகச் சொன்னேன். தயங்கினார். ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு வாசல்வரைக்கும் போனவர் திரும்பி வந்தார்.

"கவனமா வச்சிருங்கோ. ஒருத்தருக்கும் காட்டாதேங்கோ, என்ன?"

"ஓம் அண்ணை" என்றேன். மனதறிந்து நான் பொய் சொல்லவில்லை. குழுவை நான் ஒருத்தராக எண்ணவில்லை, அவ்வளவுதான். பக்கத்துப் பட்டறையில் எட்டிப்பார்த்துக் கேட்பதுபோலத்தான் அது எனக்கு ஆகிவிட்டிருந்தது. அடுத்த செவ்வாய் என்னுடைய முறை. வெளியே மூன்று படம், உள்ளே இரண்டு படம், மிஞ்சிய காலின் அளவுகள். முகம் இல்லை, பெயர் இல்லை, ஊர் இல்லை. மூன்று சட்டமும் சரி என்று பார்த்துவிட்டுத்தான் அனுப்பினேன்.

தமிழ்நாட்டுக்காரி பத்து நிமிடத்தில் பதில் போட்டாள். "இந்த சாக்கெட் இவருக்காக அளவெடுத்ததே இல்லப்பா. நீளமும் சேரல, சுற்றளவும் சேரல." கால் போய் உட்காருகிற குழிந்த பகுதியைத்தான் அவள் சாக்கெட் என்றாள். வருடக் கணக்கில் உடம்பு மெலிந்திருக்கும் என்று நான் பதில் எழுதினேன். மெலிந்தால் நீளமும் மெலியுமா என்று அவள் கேட்டாள். எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. போனை வைத்துவிட்டு வேலையைப் பார்த்தேன்.

ஒரு மணித்தியாலம் கழித்து எடுத்துப் பார்த்தால், குழுவில் இல்லாமல் எனக்குத் தனியாக ஒரு செய்தி வந்திருந்தது. வெளிநாட்டு உறுப்பினர் ஒருவர், வந்து சேர்ந்து இரண்டு மாதம் இருக்கும். கால் வேலை, இருபது வருடத்துக்கு மேல் என்று மட்டும் தன்னைப் பற்றி எழுதியிருந்தார். படத்தில் ஒரு மேசை விளக்கு. அதிகம் கதைக்காத ஆள்.

"இந்தக் காலைப் போடுறது ஆர்? எந்த ஊர்? உயிரோட இருக்கிறாரா? உள்ளுக்குள்ள, மேல் விளிம்புக்குக் கீழ ஒரு இலக்கம் இருக்கும், அதை வடிவாத் தெரியிற மாதிரி எடுத்து அனுப்புங்கோ. உடன பதில் போடுங்கோ. குழுவில ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ."

அதற்குக் கீழே, நான் எடுக்காமல் விட்ட மூன்று அழைப்புகள்.

காலைத் தூக்கி யன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். அவர் சொன்ன இடத்தில், அழுக்குக்கு அடியில், ஆணியால் குத்திய மூன்று இலக்கங்கள் இருந்தன. எத்தனை நாள் இந்தக் காலைக் கையில் வைத்திருந்தேன், நான் காணவில்லை. வெளிநாட்டில் இருக்கிற ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது.

இப்படி இலக்கம் குத்திய அலுமினியக் கால்களைப் பற்றி யாழ்ப்பாணம் போன அண்ணை சொல்லியிருக்கிறார். போர் நடந்த காலத்தில் இங்கே இருந்த ஒரு பட்டறையில் செய்தவை. அங்கே கால் போட்டவர்களில் பலர் போராடப் போனவர்கள். ஆனால் இந்தக் களப்புக்காரர் என்னிடம் பதியும்போது, கால் அகதி முகாமில் கொடுத்தது என்று சொல்லியிருந்தார். ஏன் பொய் சொன்னார் என்று எனக்கு அந்த நிமிடத்தில் விளங்கியதுபோல இருந்தது. எந்தப் பதிவிலும் அகப்படாமல், களப்பில் இறால் பிடித்துக்கொண்டு, பிள்ளை குட்டியோடு வாழ்கிற மனிதன். யாரோ அவரைத் தேடுகிறார்கள். நான் அவருடைய இலக்கத்தைப் படம் பிடித்து நாலு நாட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

எல்லாப் படங்களையும் அழித்தேன். அந்த ஆளை மறித்துவிட்டேன், இனி அவருடைய அழைப்போ செய்தியோ எனக்கு வராது. அப்பாடா என்று நிமிர்வதற்குள் தமிழ்நாட்டுக்காரி கேட்டாள், "ஏம்பா அழிச்சிட்டே? நான் அதை அந்தப் பெரிய குழுவுல போட்டுட்டேனே, நல்ல பதில் வரும்னு." பெரிய குழு என்றால் நாங்கள் அறிமுகமான அந்த ஆங்கிலக் குழு, ஆயிரக்கணக்கில் ஆட்கள். எடுக்கச் சொல்லிக் கெஞ்சினேன். ஏன் என்று கேட்டாள், சொல்லவில்லை. எடுத்துவிட்டாள். அதற்குள் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

வீட்டில் கணவரிடம் சொன்னேன். தட்டில் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்.

"உமக்கு உந்த வேலை தேவையா? எல்லாத்தையும் அழிச்சுப்போட்டுப் பேசாம இரும்."

அழிக்கத்தான் வேண்டும் என்று எனக்கும் இருந்தது. ஆனால் குழுவை விட்டு வெளியேறுகிற இடத்தில் விரலை வைத்தால், அடுத்த முறை ஒருவர் புண்ணோடு வரும்போது யாரைக் கேட்பேன் என்ற பயம் வந்தது. இரண்டு பயத்துக்கும் நடுவில் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

இரண்டு நாள் கழித்து, காலையில், பட்டறை வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. இரண்டு பேர், சாதாரண உடுப்பு. புலனாய்வில் இருந்து இப்படி வருகிறவர்கள் எங்களுக்குப் புதிது இல்லை. வருடத்தில் ஒருமுறை இரண்டுமுறை வந்து, எத்தனை பேர் வருகிறார்கள், எங்கே இருந்து வருகிறார்கள் என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

"சும்மா பாத்திட்டுப் போக வந்தனாங்கள்" என்றார் ஒருவர்.

அலுமினியக் கால் மேசையில் கிடந்தது. நான் அதற்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். துடைக்க வைத்திருந்த துவாயை எடுப்பதுபோல எடுத்து அதன்மேல் போட்டேன். வழக்கமான கேள்விகளைக் கேட்டார்கள். பிறகு மற்றவர், வெளிநாட்டு ஆட்களோடு வேலை விசயமாகக் கதைப்பீர்களா என்று கேட்டார். ஓம், படிக்கிறதுக்காக என்றேன். என் போன் நம்பரை எழுதிக்கொண்டார். தேத்தண்ணி கொடுத்தேன், குடித்தார்கள், போனார்கள். படத்துக்காக வந்தார்களா, வழக்கமாக வந்தார்களா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அவர்கள் போனபிறகு நடை பழகுகிற கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த வியாழக்கிழமை களப்புக்காரர் வருகிற நாள். சொல்வதா விடுவதா என்று முதல் நாள் முழுக்க யோசித்தேன். சொல்லாமல் காலைக் கொடுத்து அனுப்பிவிடலாம். ஆனால் அவரைத் தேடி யாராவது வீட்டுக்குப் போனால், முன்கூட்டி அறிந்திருந்தால் எங்கேயாவது தப்பிப் போயிருப்பார் அல்லவா? அந்த நேரத்தில் நான் சொல்லாமல் விட்டதை நினைத்துக்கொண்டு எப்படி இருப்பேன்?

அவர் வந்து கதிரையில் இருந்தார். ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்து வைத்தார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். படம் எடுத்தது, குழுவில் போட்டது, தனிச் செய்தி வந்தது, இலக்கம், மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள். சொல்லி முடிக்க அழுகை வந்துவிட்டது.

"உங்களைப் பற்றி நான் ஒண்டும் கேக்கேல்லை அண்ணை. நீங்கள் முந்தி என்னவா இருந்தாலும் எனக்குத் தேவையில்லை. கொஞ்சநாள் கவனமா இருங்கோ, அதுதான்."

அவர் கோபப்படவில்லை. மேசையில் இருந்த காலைக் கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"நீங்கள் நினைக்கிற ஆள் நான் இல்லை தங்கச்சி. எந்த நாளும் கடல் தான் என்ர தொழில். இது என்ர கால் இல்லை."

எனக்கு விளங்கவில்லை.

"என்ர கால் மிதிவெடியில போனது. அப்ப எனக்கெண்டு ஒண்டு செய்து தந்தவை. இடம்பெயர்ந்து ஓடேக்க அது உடைஞ்சு போச்சு. கடைசியா முள்ளிவாய்க்காலில தடியை ஊண்டிக்கொண்டு தெத்தித் தெத்தித் திரிஞ்சனான். பக்கத்துப் பங்கருக்குள்ள ஒரு பெடியன் இருந்தவன். அவனுக்கும் வலது கால் தான் இல்லை. அண்ணை, களைச்சாச் சொல்லுங்கோ, என்ர காலைக் கழட்டித் தாறன் எண்டு பகிடி விடுவான். ஒரு காலமை செல் விழுந்து வெடிச்சது. அவன் போயிட்டான். அந்தப் பங்கருக்குள்ளயே வச்சு மண்ணைப் போட்டு மூட வெளிக்கிட்டம். அப்பதான் என்ர மனிசி சொன்னவா, கழட்டுங்கோ, பிள்ளையளோட நடக்க வேணும் எண்டு. நான் மாட்டன் எண்டனான். அவாதான் கழட்டினவா."

காலில் இருந்த ஆணிகளை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"சீலைத்துண்டைச் சுத்திப் போட்டுக்கொண்டு நடந்தனான். அதில தான் வந்து சேந்தம். ஆரும் அவனைத் தேடி வந்தால் குடுக்க வேணும் எண்டு வச்சிருந்தனான். வந்திடுவினமோ எண்ட பயமும் இருந்தது. என்ன சொல்லுறது? செத்தவன்ர காலைக் கழட்டிக்கொண்டு வந்தனான் எண்டோ? அதுதான் ஆர் கேட்டாலும் முகாமில தந்தது எண்டு சொல்லுறனான்."

"அவர் ஆரெண்டு தெரியுமோ?"

"பேர் தெரியும். தன்ர தமையன் கால் செய்யிறவர், இதை அவர்தான் செய்து தந்தவர் எண்டு சொன்னவன். நாலு ஆணி அடிக்கிற இடத்தில அஞ்சு அடிச்சவராம், இவன் பந்தடிச்சு உடைச்சுப் போடுவான் எண்டு."

எண்ணிப் பார்த்தேன். ஐந்து ஆணி.

உயிரோட இருக்கிறாரா என்று தனிச் செய்தியில் அந்த வெளிநாட்டு மனிதர் கேட்டிருந்தார். அதை நான் எத்தனை முறை வாசித்திருப்பேன். ஒருமுறைகூட அதை ஒரு தமையன் கேட்கிற கேள்வியாக என்னால் வாசிக்க முடியவில்லை. கேட்டவரை மறித்துவிட்டு, அவர் தேடுகிறார், அவர் தேடுகிறார் என்று ஒன்பது நாள் நடுங்கிக்கொண்டு இருந்திருக்கிறேன். வெட்கத்தில் எனக்கு முகம் எரிந்தது. தமிழ்நாட்டுக்காரி முதல் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துச் சொன்னாள், அளவு இவருடையது இல்லை என்று. அதையும் நான் கேட்கவில்லை.

"கூப்பிடுங்கோ" என்றார் அவர். "நான் கதைக்கிறன்."

சொல்லிவிட்டாரே தவிர, அவருக்கும் உதடு காய்ந்துபோயிருந்தது. தண்ணீர் கொடுத்தேன். அரைவாசியைச் சட்டையில் ஊற்றிக்கொண்டார்.

தாங்கிக்குக் கீழே இரண்டு கதிரை போட்டேன். மறித்திருந்ததை எடுத்துவிட்டு, "பயத்தில உங்களை மறிச்சுப் போட்டன், மன்னிச்சுக்கொள்ளுங்கோ. இப்ப கதைக்கலாமோ?" என்று எழுதினேன். அங்கே விடிகிற நேரமாக இருக்கும், ஆள் நித்திரையாக இருப்பார், அப்படி இருந்தால் நல்லது என்றுகூட நினைத்தேன். அனுப்பி ஒரு நிமிடம் ஆகவில்லை, முகம் பார்த்துக் கதைக்கிற அழைப்பு வந்தது.

போனை இரண்டு பேருக்கும் நடுவில் பிடித்தேன். முதலில் படம் கலங்கலாக இருந்தது. அந்தப் பக்கத்தில் கம்பளித் தொப்பி போட்ட ஒருவர், திரைக்கு மிகக் கிட்ட முகத்தை வைத்துக்கொண்டு இருந்தார். படம் தெளிந்தது. அவர் என்னைப் பார்த்தார், பிறகு பக்கத்தில் இருந்தவரின் முகத்தைப் பார்த்தார். அவருடைய முகம் அப்படியே இறங்கிப்போனதை நான் கண்டேன். வேறொரு முகத்தைக் காணப்போகிறோம் என்று வந்து இருந்திருக்கிறார்.

யாரும் எதையும் சொல்லமுதல் அவருக்குத் தெரிந்துவிட்டது. என்றாலும் இவர் சொன்னார். பெயரைச் சொன்னார், பங்கரைச் சொன்னார், மண் போட்டு மூடியதைச் சொன்னார். மனைவி கழற்றியதாக என்னிடம் சொன்னவர், அவரிடம் தான் கழற்றியதாகச் சொன்னார். நான் குறுக்கே பேசவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கோ தம்பி என்று சொல்லிவிட்டு இவர் தலையைக் குனிந்துகொண்டார்.

சிக்னல் போய்விட்டதோ என்று பார்த்தேன், போகவில்லை. பேசப்போகிறார், என்ன பேசப்போகிறார் என்று எனக்குப் பயமாக இருந்தது. அப்போது அவருக்குப் பின்னால், குசினிப் பக்கமிருந்து ஒரு வயதான குரல் வந்தது.

"ஆரடா அது, விடியக் காலமையில?"

"வேலை விசயம் அம்மா" என்றார் அவர் திரும்பாமல். "ஒரு கூட்டம்."

பிறகு தொப்பியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். திரைக்கு இன்னும் கிட்ட வந்து, அம்மாவுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணை, அது அவன்ர காலுக்கு எண்டு நான் அளந்து செய்தது. உங்களுக்குக் கடிச்சிருக்குமே?"

இவர் காலை மடியில் வைத்தபடி அழத் தொடங்கினார்.

"ஓம் தம்பி" என்றார். "கடிச்சது தான்."